அந்தோனியார் காலடியில் வைத்த சம்பளத் துண்டு

செபமாலை பால் போத்தல்களைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. தாய்மார் கொழுந்துக்கு மலையேறினால் பதினொரு குழந்தைகள் அவள் பொறுப்பு. அது 1980, தை மாதம். கந்தோரிலிருந்து தபால் கொண்டுவந்த மீனம்மா ஜன்னல் வழியே நீலக் கடிதத்தை நீட்டினாள்.

“மக எழுதியிருக்கா. சல்லி கில்லி வச்சிருக்காளா பாருங்க.”

“சம்பளத் துண்டுதான் வருது. சல்லிய இன்னும் கண்ணால காணல.”

மகள் பெற்றீசியா அமெரிக்காவில் ஒஹாயோவுக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முதியோரைப் பராமரிக்கும் ஒரு வருடப் பயிற்சி. ஒரு கன்னியர் மடம் ஏற்பாடு செய்தது. படிப்போடு வேலை, மாதாமாதம் சிறு சம்பளம். புறப்படும்போது தாய் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: சம்பளத் துண்டை எனக்கு அனுப்பிவிடு, கணக்குக் குறைந்தால் அதைக் காட்டித்தான் கேட்கவேண்டும். தோட்டத்தில் அப்படித்தான். முதலில் துண்டு வரும். பிறகு சம்பள மேசையில் பெயர் கூப்பிட்டுக் காசைக் கையில் வைப்பார்கள்.

செபமாலை ஞானோபதேச வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தவள். ஒரு குழந்தையை மடியில் போட்டுத் தட்டியபடி வாசித்தாள்.

“அம்மா, நான் அனுப்பிய இரண்டும் துண்டு இல்லை, செக். அதை பேங்கில் போட்டால்தான் காசு. நம் தோட்டம் போலப் பெயர் கூப்பிடுவார்கள் என்று நான் மூன்று மாதம் காத்திருந்தேன். மூன்றாவது செக் வந்தபோதுதான் ஆபீஸில் ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். எனக்கு பேங்க் கணக்கே இல்லை என்று அப்போதுதான் தெரிந்து, கூட்டிப்போய்த் திறந்து தந்தார்கள். மாசி முடிவதற்குள் மூன்று சம்பளமும் கணக்கில் இருப்பதாக பேங்க் கடிதம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் இங்கே தங்கும் என் அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு செக்கையும் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பு. ஒன்று கெட்டுப்போயிருந்தால் என்ன நடந்தது என்று இங்கிலீஷில் எழுதி, கண்ணால் கண்டவர் கையெழுத்தோடு அனுப்பு. வேறு தருவார்கள்.”

மடியிலிருந்த குழந்தை நனைத்தது. துணியை மாற்றினாள்.

இரண்டாவது செக் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. முதலாவது இல்லை. மகளின் முதல் சம்பளத்தை அந்தோனியாருக்குக் கொடுப்பதாக அவளுக்கு நேர்த்தி. காசு வராததால், வந்ததும் தருகிறேன் என்ற மனுவோடு துண்டையும் மடித்துச் சுரூபத்தின் காலடிப் பெட்டியில் போட்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். உபதேசியார் லோரன்ஸ் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மனுக் கடுதாசியெல்லாம் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தியே எரிச்சாச்சேக்கா. அடுத்தவங்க வேண்டுதல நாம படிக்கக் கூடாதுல்ல.”

“பச்சக் கலருல, இங்கிலீசு அச்சு போட்டது ஒண்ணு?”

“ஆமா, இருந்துச்சு. யாரோ கடன்காரன் நோட்டீசுன்னு நெனச்சேன். நல்லாத்தான் எரிஞ்சிச்சு.”

செபமாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கையெழுத்து என்றதும் லோரன்ஸ் விளக்குத் துணியைக் கீழே வைத்தார்.

“அமெரிக்காக்காரன் சல்லிய நான் எரிச்சேன்னு நானே எழுதிக் குடுக்கவா? போலீசு வந்தா? எனக்கு நாலு புள்ளைங்க.”

“எனக்கு ஒண்ணுதான்” என்று எழுந்தாள்.

அங்கிருந்து நேரே பெரிய கிளாக்கர் பரமலிங்கத்தின் வீடு. யாழ்ப்பாணத்து மனிதர், இங்கிலீஷ் கடிதம் எழுதுவதில் வல்லவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அந்தோனியாருக்கு டொலரிலை காணிக்கை குடுத்த ஆள் நீர் ஒருத்திதான். எரிஞ்சதெண்டு எழுதினா ஆர் நம்பப்போகினம்? துலைஞ்சுபோச்செண்டு எழுதுவம்.”

“தொலைஞ்சதுன்னா யாராச்சும் எடுத்து மாத்துவாங்களோன்னு பயந்து வேற தரமாட்டாங்கங்க. எரிஞ்சது எரிஞ்சதுதான். எரிச்சவரே சொல்லட்டும்.”

பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சரியான கதைதான். இவ்வளவு புத்தி இருந்தும் ஏன் ஒருக்கா எனக்குக் காட்டேல்லை?”

“காட்டுனா கைமாத்துக் கேட்டு லயத்துச் சனமெல்லாம் வாசல்ல நிக்குங்க.”

அவர் டைப் அடித்துத் தந்தார். அடியில் சாட்சிக்கென்று புள்ளிக்கோடு. அந்தக் கோடு வெறுமையாக இருந்தால் கடிதத்தால் பயனில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதுமுன் லோரன்ஸ் வீட்டு வாசலில் நின்றாள். குழந்தைகளை மீனம்மா பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தாள். லோரன்ஸ் பல்குச்சியோடு வந்து, தாளை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கு?”

“நீங்க தெரியாம எரிச்சீங்கன்னு. ‘தெரியாம’ன்னு கிளாக்கரய்யா ரெண்டு எடத்துல போட்டிருக்காரு.”

“ரெண்டு எடத்துலயா?”

“வேணும்னா மூணாவதும் போடச் சொல்றேன். ஆனா ஏழு மணி பஸ் போயிரும்.”

அவர் கையைக் கழுவித் துடைத்து, திண்ணமாக, ஒவ்வோர் எழுத்தாக, தமிழில் கையெழுத்துப் போட்டார். செபமாலை அந்தப் பஸ்ஸைப் பிடித்து நுவரெலியா தபாற்கந்தோருக்குப் போனாள். இருந்த செக்கையும் கடிதத்தையும் தன் கண்முன்னே உறையிலிட்டு ஒட்டவைத்து, முத்திரை குத்தும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. எத்தனை நாளில் போகும் என்று சிங்களத்தில் கேட்டாள். பன்னிரண்டு நாள், சில வேளை இருபது என்றார் உத்தியோகத்தர். மாசி முடிய நாற்பது நாளுக்கு மேல் இருந்தது. அதை விரலில் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.