இல்லையென்றால் என்ன?

அலுவலகத்தில் அவளுக்கு 'இருந்தாக்கா' என்று பட்டப்பெயர். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, "வேலை முடிஞ்சிருந்தா, முடிஞ்சு மழையும் இல்லாம இருந்தா வரேன்" என்பாள். புரோகிராம் எழுதுவதும் அப்படித்தான். ஒரு நிபந்தனை, அதன் வயிற்றுக்குள் இன்னொன்று.

ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவுக்குப் புரோகிராம் எழுதியவளும் அவள்தான். நோயாளிக்கு நினைவு இருந்தால், யாரைப் பார்க்க விருப்பம் என்று அவரிடமே கேள். அவர் சொன்ன ஆளாக இருந்தால், கதவைத் திற. பிடிக்காத சொந்தக்காரன் உள்ளே போய் உயிரை வாங்கக் கூடாதே என்ற நல்லெண்ணம். நினைவு இல்லையென்றால்? அதை மட்டும் எழுதவில்லை.

இன்று அதே கதவுக்கு உள்ளே அவளுடைய அப்பா நினைவில்லாமல் கிடக்கிறார். கதவில் பார்வையாளர் அட்டையை வைத்தாள். திரையில் வட்டம் சுற்றியது. முடியாது என்றுகூட அது சொல்லித் தொலைக்கவில்லை.

"தினமும் இதே ரோதனைதாம்மா" என்றார் காவலாளி. "எந்தப் புண்ணியவான் எழுதுனானோ!"

"சாவி போட்டுத் திறக்க முடியாதாண்ணே?"

"சாவி இருந்தா திறக்க மாட்டேனா?"

மேலாளருக்குப் போன் செய்தாள். "மாத்திடலாம்மா. ஆஸ்பத்திரில கேட்டு எழுதினாங்கன்னா, அதுக்கு மேலிடமும் சரின்னா, அப்புறம் டெஸ்டிங்கும் முடிஞ்சிருந்தா..."

கண்ணாடி வழியே பார்த்தாள். போர்வை விலகி அப்பாவின் பாதம் வெளியே கிடந்தது. கால் சில்லிட்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அட்டையை மறுபடி வைத்தாள். வட்டம் சுற்றத் தொடங்கியது.