பெட்டியின் இரண்டாம் வரிசை

சின்னப்பொண்ணு முதன்முதலாக ஆப்பிளைக் கடித்துப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். செய்யூருக்குத் தெற்கே மல்லாட்டைக் கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குள் ஆப்பிள் போனால், யாருக்கு என்ன உடம்பு என்று தெரு முழுக்க விசாரிப்பார்கள். ஆட்டோ ஓட்டும் மோகனைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் பழவண்டி போட்ட எட்டு வருடத்தில் அந்தப் பழம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

நிறத்துக்கு மயங்க மாட்டாள். பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். பச்சை விலகி அங்கே மஞ்சள் பாய்ந்திருக்க வேண்டும். விரலால் சுண்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே வெறும் மாவு. கடைசியில் மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவாள். மாவுப் பழமும் அவள் வண்டியில் இருக்கும், இல்லாமல் எப்படி? ஆனால் கேட்டவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் விற்பாள்.

இதனால்தான் கல்பாக்கத்திலிருந்து ஜானகிராமன் அவளைத் தேடி வந்தார். அங்கே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஆறு வயது மகள் அனுவுக்கு டைபாய்டு வந்து இறங்கியிருந்தது. இறங்கிய பிறகும் குழந்தை எதையும் தின்னாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ஆப்பிள் மட்டும் கேட்பாள். கொடுத்தால் ஒரு கடி கடித்து, "மாவு" என்று துப்பிவிடுவாள். புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடை என்று மூன்று ஊர்ப் பழங்களும் துப்பப்பட்டுவிட்டன.

தொண்ணூற்று நான்காம் வருடம், அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை. அன்று விடியலில்தான் சின்னப்பொண்ணு பட்டணத்துச் சந்தையிலிருந்து ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தாள். ஆணியை நெம்பிப் பலகையைத் தூக்கியதுமே வாசனை குப்பென்று எழுந்தது. இப்படி ஒரு சரக்கு அந்த வருடம் அதுவரை அவள் கைக்கு வந்ததில்லை. போன வாரமே நல்ல பழம் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்த ஜானகிராமன்தான் போணி.

"இன்னா சார், கொழந்த இன்னும் ஒண்ணும் துன்னலியா?"

"எதைக் கொடுத்தாலும் துப்பிடறாம்மா. டாக்டர் இப்படியே போனா மறுபடி ட்ரிப்ஸ்தான்கிறார்."

"இத்த எட்த்துக்கினு போ சார். இதையும் துப்பிச்சுன்னா நான் வண்டிய தூக்கிடறேன்."

மேல்வரிசையிலிருந்து ஆறு பழம் பொறுக்கிக் கொடுத்தாள். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மீதிப் பழங்களை வண்டியில் அடுக்கிவிட்டு, இந்திப் பேப்பரை விலக்கி இரண்டாம் வரிசைக்குக் கையை விட்டாள். விரலில் என்னவோ மெத்தென்று பட்டது. காய்ந்த புல்லுக்கு நடுவே, ஓரப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, ஒரு எலி செத்துக் கிடந்தது.

அந்த நாட்களில் எலி என்ற சொல்லே போதும். வடக்கே சூரத்தில் பிளேக் வந்து ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடுகிறார்கள் என்று பத்து நாளாகப் பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டிலும் பலர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். பிளேக்குக்குப் போடும் டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. வடநாட்டுச் சரக்கு எதையும் தொடாதே என்று ஒரு பேச்சு வேறு. இந்தப் பெட்டியும் வடக்கேயிருந்து வந்ததுதான்.

சின்னப்பொண்ணு பலகையை இழுத்து மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து சாத்துக்குடி கேட்டாள். இவள் இல்லையென்று தலையைத் தலையை ஆட்டினாள்.

ஸ்டாண்டிலிருந்து மோகன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொன்னின்னா ஆஸ்பத்திரிக்காரன், முனிசிபாலிட்டிக்காரன், போலீசு, அல்லாம் வந்துடுவான். நாளைக்கு இங்க வண்டி போட முடியாது. நம்ம ரெண்டு பேரையும் தூக்கினு போயி தனியா அடைச்சி வெச்சிடுவான். வாய மூடிக்கினு கெட."

வண்டியில் அடுக்கியதையும் பெட்டிக்குள்ளேயே கொட்டச் சொல்லி, அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். ஏரிக்கரையில் ஆளில்லாத இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். அவனைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

"மேல் வரிசையில ஆறு பளம் போயிருச்சிய்யா," என்றாள் அவள்.

"போனது போச்சி."

"சீக்காளிக் கொழந்த."

மோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தபோது, அவனுக்கும் பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டியை அவனிடம் விட்டுவிட்டு எழுந்தாள். கையைக் குழாயில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் அந்த மெத்தென்ற உணர்வு விரலைவிட்டுப் போகவில்லை. கல்பாக்கம் பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் ஒரு கிழவர் இருமினார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணு தன் கைகளை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, யார்மீதும் படாமல் நின்றாள். சீட்டு காலியானபோதுகூட உட்காரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அந்த ஆளுக்கு வண்டியைத் தவிர இவள் வீடு தெரியாது, சொந்த ஊரும் தெரியாது. மோகன் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு கிடந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் தான் இறங்கவில்லை என்பதையே கவனித்தாள்.

டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீடு என்று ஜானகிராமன் ஒருமுறை சொல்லியிருந்தார். கீரைக்காரி ஒருத்தி, டைபாய்டு வந்த குழந்தை வீடா என்று கேட்டுக் கையைக் காட்டினாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி வசுமதி. யார் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அது! உள்ள வாங்க. இன்னிக்குத்தான் குழந்தை ஒரு முழு ஆப்பிள் சாப்பிட்டா. இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. பன்னண்டு நாள் ஆச்சு, அவ இப்படிச் சாப்பிட்டு."

சின்னப்பொண்ணு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கட்டிலில் அனு சாய்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் தட்டு, அதில் கொட்டையும் காம்பும் மட்டும்.

"அம்மா, அந்தப் பொட்டில எலி செத்துக் கெடந்திச்சிம்மா."

வசுமதிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "கொன்னுட்டியேடி பாவி" என்றாள். சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். ஜானகிராமன் மிச்சமிருந்த பழங்களை ஒரு பையில் போட்டுக் கட்டினார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தார். வசுமதி அழுதபடி கூடவே ஓடினாள். யாரும் கூப்பிடாமலே சின்னப்பொண்ணும் பின்னால் போனாள்.

டாக்டர் பக்தவத்சலம் வயதானவர். நிதானமாகக் கேட்டார்.

"எலி முழுசா இருந்துதா, நசுங்கி இருந்துதா?"

"கழுத்தாண்ட நசுங்கினு இருந்திச்சி சார். ஆணி அடிக்கச் சொல்ல மாட்டிக்கிச்சோ இன்னாவோ."

"பழத்தைக் கழுவினீங்களா?"

"கழுவித் தோல் சீவித்தான் குடுத்தேன்," என்றாள் வசுமதி. அழுகையில் குரல் தெளிவாக வரவில்லை.

"அப்போ அது அடிபட்டுச் செத்த எலி. பிளேக் வந்தது சூரத்துல, ஆப்பிள் வர்ற மலையில இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா ஏழு நாள் பார்க்கணும். காய்ச்சல் வந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது." பிறகு சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். "உனக்கும்தாம்மா. தொட்டது நீதான்."

அதுவரை தன்னைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

புறப்படும்போது ஜானகிராமன் ஒரு துண்டுச் சீட்டில் டெலிபோன் நம்பர் எழுதிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாள். வசுமதி எடுத்து, "ஜுரம் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவாள். இந்த இரண்டு சொல்லுக்காகச் சின்னப்பொண்ணு பகல் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். வண்டியில் வாழைப்பழமும் சாத்துக்குடியும் மட்டும்தான். மணிக்கொரு தரம் முந்தானைக்குள் கையை விட்டு அக்குளில் பிளேக் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பாள். வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய். மோகன் முதல் நாள் திட்டினான். மறுநாள் அவனே அவளுக்குத் தட்டைக் கழுவி வைத்தான்.

நான்காம் நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. ஏழு மணிக்கும் இல்லை. பூத்துக்காரர் திருவேங்கடம், "இன்னாம்மா, யாருக்காவது சீரியஸா?" என்று கேட்டதும் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். மறுநாள் உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தது. மோகனிடம் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால், தனக்கும் ஆகட்டும் என்று நினைத்தாள். உடனே செத்துப்போக இஷ்டமில்லை என்றும் தோன்றியது. இரண்டையும் மாறி மாறி நினைத்தபடியே ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

"ஜுரம் இல்ல," என்றாள் வசுமதி.

"நேத்து ரிங்கு போயிகினே இருந்திச்சிம்மா..."

"லைன் கெட்டிருந்துது," என்றாள். அன்று உடனே வைக்கவில்லை. "உங்களுக்கு எப்படி இருக்கு?"

சின்னப்பொண்ணு பூத்துக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சூடும் அன்றிரவே விட்டுவிட்டது.

ஏழாம் நாளும் போயிற்று. குழந்தைக்கும் ஒன்றுமில்லை, இவளுக்கும் ஒன்றுமில்லை. கடைசிப் போனில் வசுமதி, "அதே மாதிரி ஆப்பிள் வேணும்னு அனு உசிரை எடுக்கறா. நான் குடுக்க மாட்டேன்," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் குழந்தை சோறு தின்னத் தொடங்கிவிட்டது அதிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஜானகிராமன் சனிக்கிழமைகளில் வந்து வாழைப்பழம் மட்டும் வாங்கிப்போனார். அவளும் ஆப்பிளைக் காட்டியதில்லை.

அடுத்த செப்டம்பரில் ஒரு நாள் அவர் புதுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தரையில் சாக்கை விரித்து, பெட்டியை அடிப்பலகை தெரியும்வரை ஒவ்வொரு பழமாக எடுத்து வெளியே வைத்தாள். ஒவ்வொரு பேப்பரையும் விரல் படாமல் ஒரு குச்சியால் விலக்கினாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தார்.

காலிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியபின், ஒரு பழத்தைக் கழுவி இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தான் முதலில் கடித்தாள். மற்றதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

"நல்லாருக்கும்மா," என்றார். "நாலு போடு."

பொறுக்கிப் போட்டாள். அவர் பஸ் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வாரமும் தினம் ஆறு மணிக்குப் பூத்துக்குப் போகத் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும்.