குடலை வெட்டினேன், இரைப்பை பொங்கியது

அந்த நாயின் சிறுகுடலில் பாதிக்கு மேல் நான் வெட்டி எடுத்தேன். அதற்காக வருந்தவில்லை, வேறு வழியில்லை. கிடாவெட்டில் மிஞ்சிய கறியை உப்புக்கண்டம் போட நூலில் கோத்துக் காயவைத்திருந்தார்கள். நாய் நூலோடு விழுங்கிவிட்டது. நூல் இறுகிக் குடலைப் பல இடங்களில் அறுத்திருந்தது.

அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று வாடிப்பட்டியில் கிளினிக் வைத்திருந்தேன். நாயின் சொந்தக்காரர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண். வடிகட்டிய கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் செய்தார். நாய் விடாமல் வாந்தி எடுக்கிறதாம்.

"சோத்தப் போட்டிருப்பீங்க."

"இல்ல சார், சத்தியமா கஞ்சித் தண்ணிதான்."

"உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது" என்று வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர்களிடம் என் பெரியவர்கள் பேசிய தொனி அது. அம்புட்டுப் படித்தும் என்னிடம் அது அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கையில் தூக்குவாளி. மூடியைத் திறந்து மேசையில் வைத்தார்.

"எல்லாம் அது கக்குனதுதான். நல்லாப் பாருங்க சார். ஒரு பருக்கை இருக்கா?"

இல்லை. தெளிந்த நீரில் காப்பித்தூள் போல ரத்தத் துகள்கள். சோதனைத் தாளை நனைத்தேன். கடும் அமிலம்.

கல்லூரியில் படித்ததுதான். உணவு வந்து சேர்ந்ததும் சிறுகுடல் சில ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை இரைப்பைக்குப் போய் அமிலத்தைக் குறைக்கும். குடலில் பெரும்பகுதி போனால் அந்தக் கட்டுப்பாடும் போகும். அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் ஏறும், இரைப்பை தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும். நான் வெட்டியது வெறும் குழாயை அல்ல, அந்த உடம்புக்குள் ஓயாமல் நடந்த ஒரு பேச்சை. இத்தனை வருடம் எத்தனையோ குடல்களைக் கையில் ஏந்தியும் அது எனக்குக் கேட்டதில்லை.

அமிலத்தை அடக்கும் ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தேன். நாய் பிழைத்தது. சில மாதங்கள் போனதும் அமிலம் தானாகத் தணிந்தது. ஸ்கேனில் பார்த்தேன். மிஞ்சிய குடல் அகன்று, தடித்து, போனதன் வேலையையும் ஏற்றுக்கொண்டிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இனி மாத்திரை வேண்டாம்மா" என்றேன்.

அவர் நாயின் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். "சரி சார். ஆனா நான் அன்னைக்குச் சோறு போடலன்னு நீங்க இன்னும் ஒரு வார்த்தை ஒத்துக்கல."

நான் நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் சங்கிலியை இழுத்து, "வாரேன் சார்" என்று கிளம்பிவிட்டார்.