தோற்றவர் மறுநாள் வேலைக்கு வந்தார்

எங்கள் கம்பெனியில் ஜனநாயகம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தது. 'தொழிலாளர் கமிட்டி மினிட்ஸ்' என்று மேலே லேபிள் ஒட்டியிருக்கும். முதலிபாளையம் பக்கம் டீசர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. நான் அங்கே எச்.ஆர். ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கமிட்டி ஒன்று இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கூட வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை ஆடிட்டர் வந்து அதைப் பார்ப்பார். கமிட்டி கூடியதே கிடையாது. ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் உட்கார்ந்து பன்னிரண்டு கூட்டத்தையும் ஒரே மூச்சில் நடத்தி முடிப்பேன். 'குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது, உறுப்பினர்கள் திருப்தி தெரிவித்தனர்.' எல்லாம் ஒரே மையில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூன்று பேனா வைத்திருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் கையெழுத்து மட்டும்தான் பிரச்சினை, கோழி கிளறின மாதிரி இருக்கும். 'இதை யார் படிப்பது?' என்று ஒரு ஆடிட்டர் முகம் சுளித்துவிட்டுப் போனார். நல்ல கையெழுத்துக்காரர் யார் என்று விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டினார்கள். செக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தைத்து வரும் துணியை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. இலங்கையிலிருந்து படகில் வந்து அகதி முகாமில் இருந்தவர் என்பதால் கம்பெனியே அவரை 'சிலோன் அண்ணன்' என்றது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாட்களில் மட்டும் அரை நாள் லீவு கேட்பார். மற்றபடி அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது, மினிட்ஸ் நோட்டை அவரிடம் நீட்டும் வரைக்கும்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பழைய பக்கங்களைச் சிரத்தையாகப் படித்தார். "கூட்டம் எப்ப நடந்தது பிள்ளை?" என்று கேட்டார். நடக்கவில்லை, சும்மா எழுதுவதுதான் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நடக்காததை நான் எழுத மாட்டன். பத்து நிமிஷம் நடத்துவம், பிறகு எழுதுறன்." கோபமாகச் சொல்லியிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பேன். கூட ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்று கேட்பது போலத்தான் சொன்னார். எனக்கோ அவசரம், ஆடிட் தலைமேல் நின்றது. சரி, பத்து நிமிடம்தானே என்று டீ டைமில் ஏழெட்டுப் பேரை கேண்டீனில் உட்கார வைத்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அன்றைக்குத்தான் ஆரம்பம்.

முதல் கூட்டத்தில் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி லைனில் தைக்கும் ஒரு பெண், டோக்கன் பேச்சை எடுத்தாள். பாத்ரூம் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஒரே டோக்கன். அது திரும்பி வரும்வரை அடுத்த ஆள் காத்திருக்க வேண்டும், அதனால் புள்ளைகள் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். ஐந்து வருடமாக 'குடிநீர் குறித்துத் திருப்தி' என்று எழுதியவள் நான். அண்ணன் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினார். ஆடிட்டர் கண்ணில் அது படுமே என்ற பயத்தில் முதலாளி டோக்கனையே எடுத்துவிடச் சொன்னார். அதற்கப்புறம் கூட்டம் மாதாமாதம் தானாகவே நடந்தது. சுதந்திரம் என்றால் என்ன என்று அண்ணனை யாராவது சீண்டினால், யாரையும் கேட்காமல் எழுந்து போய்விட்டு வருவதுதான், வேறென்ன என்பார்.

அவருடைய கருத்துகளெல்லாம் இப்படி வேலைக்கு நடுவில் வந்து விழுந்தவைதான். மேடை ஏறிப் பேசுகிற ஆள் இல்லை. ஒருநாள் மின்சாரம் போய் நானூறு மெஷினும் ஒன்றாக நின்றது. ஜெனரேட்டர் ஓட இரண்டு நிமிடம் ஆகும். 'அப்பாடா, என்ன ஒரு அமைதி' என்று நான் சொன்னேன். "இது சமாதானம் இல்லைப் பிள்ளை. கரண்ட் இல்லை, அவ்வளவுதான்," என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான் ஊரைவிட்டு வந்த கதையைக் கொஞ்சம் சொன்னார். ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துகிறவராக இருந்திருக்கிறார். சண்டை பிடிக்கும் இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று சனத்தைக் கேளுங்கள், ஓட்டு வையுங்கள் என்று இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்று போட்டிருக்கிறார். இருநூறு பிரதி. வாசித்தது துவக்கு வைத்திருந்தவர்கள் மட்டும்தான் என்று அதையும் கேலியாகத்தான் சொன்னார். முதலில் ராணுவம் தேடியது, பிறகு துவக்குத் தூக்கிய சொந்த ஊர்ப் பையன்களே வந்து பொழுது சாய்வதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஓட்டுப் போடும் வயதில் ஓட்டுப் போட விடவில்லை, இங்கே அகதிக்கு ஓட்டு இல்லை. தோற்றவன் பயமில்லாமல் நடமாடுகிற தேர்தலை வாழ்நாளில் கண்டதில்லை என்றார். ஒருதரம் தோற்றுப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருப்பதாகவும் சொன்னார். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. ஜெயிக்க ஆசைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இது என்ன கூத்து என்று நினைத்தேன்.

அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் கமிட்டித் தேர்தல் வந்தது. வழக்கமாக ஒரு அட்டைப் பெட்டியில் துளை போட்டு, நாலு பேரை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தால் தேர்தல் முடிந்தது. இந்த முறை நிஜமாகவே வைக்கலாமா என்று முதலாளியிடம் நான்தான் கேட்டேன். கூட்டம் நடத்தியதில் எந்தக் கெடுதலும் வரவில்லையே என்று அவரும் தலையாட்டினார். மற்ற இடங்களுக்குப் போட்டி இல்லை. தலைவர் இடத்துக்கு மட்டும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கட்டிங் மாஸ்டர், முதலாளியின் ஊர்க்காரர். இன்னொருவர் அண்ணன். தமிழ் படிக்கத் தெரியாத வடக்கத்திப் பையன்களுக்காக, மாஸ்டருக்குக் கத்தரிக்கோலும் அண்ணனுக்கு மூக்குக் கண்ணாடியும் சீட்டில் படமாகப் போட்டோம். பெட்டிக்கு டேப் ஒட்டி அதன்மேல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். விரலில் வைக்க, துணிக்குக் குறி போடும் மார்க்கர். வரிசை கேண்டீனைத் தாண்டி அயர்னிங் செக்‌ஷன் வரை நின்றது. அண்ணன் கடைசி ஆளாக வந்தார். சீட்டைப் போட்டுவிட்டு, விரலில் நான் வைத்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சாயங்காலம் எல்லோர் முன்னிலையிலும் எண்ணினோம். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் அண்ணன் தோற்றுப்போனார். அகதிக்கு எதற்குப் பதவி என்று சிலருக்கு, மாஸ்டரிடம் பயம் சிலருக்கு. மாஸ்டரை நிஜமாகவே பிடித்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். இன்னொரு தரம் எண்ணலாமா என்றார் அண்ணன். சந்தேகமா என்று கேட்டதற்கு, இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி எண்ணினோம், அதே பத்தொன்பது. எழுந்துபோய் மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவ்வளவு உற்சாகமாக அவர் முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "நாளைக்கு எட்டரைக்கு நான் வேலைக்கு வருவன். தோத்தவன் அடுத்த நாள் வேலைக்கு வந்தால்தான் நடந்தது தேர்தல்," என்றார். புள்ளைகள் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் நின்றதில் அவருக்கு இருந்த உறுத்தல் தீர்ந்தது என்ற நினைப்பில் போனேன். அவர்தான் தோற்றுவிட்டாரே, இனி என்ன என்றேன். "தோத்தான், சரி அம்மிணி. இத்தனை பேரு அவனுக்குப் போட்டிருக்காங்களே, அதுக்கு என்ன பண்றது?" என்றார். கத்துகிற மனிதர் அல்ல அவர். கப்பலுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய கவலையில் இருந்தார், அந்த ஓட்டுகள் அவர் கண்ணுக்கு ஸ்டிரைக்காகத் தெரிந்தன. முகாம் ஆள், ஆவணம் சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிடு என்றார். ஆறு வருடமாகச் சரியாக இருந்த ஆவணம் அது, ஃபைலில் வைத்தவளே நான்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குக் குழந்தை பிறந்து ஒரு வருடம், வீட்டுக்கடன் வேறு. இதையெல்லாம் ஒரு காரணமாக எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் சைக்கிளில் வந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை. செக்யூரிட்டியிடம் விட்டுவிடாமல் நானே கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். அதையே ஒரு மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆவணக் கதையைச் சொன்னேன். பின்னால் வந்த புள்ளைகள் நடையைத் தளர்த்தி, பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். "நிப்பாட்டினது தோத்ததுக்கோ, கிட்ட வந்ததுக்கோ?" என்று கேட்டார். பேப்பர்தானுங்கண்ணா என்று மறுபடி சொன்னேன். செக்கிங் மேசை டிராயரில் படிக்கும் கண்ணாடி இருப்பதாகச் சொன்னார், ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "உங்களில பிழை இல்லைப் பிள்ளை. நீங்கள் என்ன செய்வியள்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பல வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த மாதமே ஆடிட் வந்தது. ஆடிட்டர் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முடிந்ததும் என்னிடம் வந்து கை குலுக்கினார். தேர்தல் எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லாக் கம்பெனியிலும் 'நல்லா நடந்தது' என்பார்களாம், இங்கேதான் ஒரு பெண் 'நாங்க தோத்துட்டோமுங்க' என்று சொன்னாளாம். நிஜமான தேர்தல் நடந்தால்தான் அந்தப் பதில் வரும் என்று அறிக்கையில் தனியாகப் பாராட்டியிருந்தார். முதலாளி ஸ்வீட் பாக்ஸ் வரவழைத்தார். எனக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் தேர்தல் நாள் வந்ததும் கேண்டீனில் எல்லோரையும் கூட்டி, யார் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. கட்டிங் மாஸ்டர்கூட ஆளை விடுங்கள் என்றார். டோக்கன் பேச்சை எடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நீயாவது நில்லேன் புள்ளை என்றேன். "நிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங் மேடம். தோத்தா கேட்டுல நிறுத்தீருவீங்களே," என்றாள். குரலில் குத்தலே இல்லை, லீவு விதியைச் சொல்வது போலச் சொன்னாள். அன்று மறுபடி மூன்று பேனாவை எடுத்தேன். அந்த வருடமும் நோட்டில் தேர்தல் நடந்தது.

பிறகு நான் அந்தக் கம்பெனியை விட்டு விலகி, கம்பெனி கம்பெனியாகப் போய் எச்.ஆர். ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். தொழிலாளர் கமிட்டி பற்றித்தான் வகுப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். போன வருடம் அருள்புரத்தில் ஒரு வகுப்பை முடித்துவிட்டு எதிரில் இருந்த பேக்கரிக்கு டீ குடிக்கப் போனேன். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து யூனிட்டில் அதே செக்கிங் வேலைதானாம். என்னைக் கண்டதும் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். குழந்தையை விசாரித்தார், கட்டிங் மாஸ்டரை விசாரித்தார். பிறகு, அடுத்த தேர்தலில் யார் வென்றது என்று ஆவலாகக் கேட்டார். இத்தனை வருடமும் அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தவர் போல இருந்தது அந்த முகம். பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். ஆனாலும் அவரிடம் சொல்ல வரவில்லை. யாருமே நிற்கவில்லை என்றேன். அந்தப் பெண் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

கேட்டில் திருப்பி அனுப்பிய அன்று மாறாத அந்த முகம் இப்போது மாறியது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் அதுகளைப் பயப்படுத்திப் போட்டன்," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க இல்லீங்கண்ணா. நானுங்க," என்றேன். சொல்லிவிட்டு, அன்று கேட்டில் சொன்னது போல இப்போதும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதைக் கேட்பதற்காகவே சொன்னேனோ என்னவோ. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நீங்கள்தான்."