புளோரிடாவின் ஆவணி

டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் வத்சலா, கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவள். 2004ஆம் ஆண்டு புரட்டாதியில் அந்தக் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

மகள் நிரோஜாவுக்குப் புளோரிடாவில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நாள் பார்த்தது மாப்பிள்ளையின் தாய் மகேஸ்வரி. ஆடி கூடாது, புரட்டாதியும் கூடாது, ஆவணிதான் நல்லது என்றார். ஊரில் ஆவணி கல்யாண மாதம், வத்சலாவும் தலையாட்டினாள்.

தாயும் மகளும் புளோரிடாவுக்குப் போய் இறங்கினார்கள். முகூர்த்தத்துக்கு முதல்நாள் புயல் வருகிறதென்று அரசாங்கம் எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டார் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் போய்ப் படுத்தார்கள். அங்கேதான் வத்சலா அந்த மண்ணை அறிந்துகொண்டாள். அயலவர்கள் தலையணையும் சீட்டுக்கட்டுமாக, ரயில் பயணம் போகிறவர்களைப்போல வந்து இறங்கினார்கள். பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரக் கிழவி சொன்னதை நிரோஜா மொழிபெயர்த்தாள். மூன்று பக்கமும் கடல். கோடை முழுக்க அது சூடேறி, ஆவணியில் புயலாகக் கிளம்பும். தடுக்க ஒரு மலை கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். தையில் வந்தால் மழையே இராது, வானம் கழுவித் துடைத்ததுபோல இருக்கும்.

நெடுங்காலமாக அங்கே வாழும் மகேஸ்வரிக்கு இது தெரியாதா?

கல்யாணம் நின்றுபோனது. விடுப்பு முடிந்து தாயும் மகளும் திரும்பிவந்த கிழமையே தொலைபேசி அடித்தது.

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி," என்றார் மகேஸ்வரி. "பிள்ளையின்ர சாதகத்தில ஏதோ கிடக்குதாம். அவ வந்து கால் வைச்ச நேரத்தைப் பாருங்கோவன். முதல்ல அவவை ஒரு வாழைக்குக் கலியாணம் கட்டிவைச்சுத் தோஷத்தைக் கழிச்சால் நல்லது."

"என்ர பிள்ளையோ கடலைச் சூடாக்கினவள்?"

"என்ன சொல்லுறியள்? கேக்கேல்லை."

"அதுக்கு மூண்டு கிழமைக்கு முன்னமும் உங்கட ஊரில ஒரு புயல் அடிச்சதுதானே அக்கா. அப்ப இவள் இஞ்சை வேலையில நிண்டவள். அது ஆர் கால் வைச்சு வந்தது?"

மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபில், ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தில், மகேஸ்வரியின் உறவுக்காரியான பட்டுச்சேலைக்காரி ஒருத்தி, "புயலைக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை இவவோ?" என்று கேட்டுச் சிரித்தாள். நிரோஜா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். கடலும் காற்றும் வருடா வருடம் செய்வதைத் தூக்கி ஒரு பெண்ணின் பாதத்தில் கட்டிவிட்டார்களே.

தையில் மாப்பிள்ளை சஞ்சயன் தனியே டோர்ட்மண்டுக்கு வந்து இறங்கினான். "எழுத்தை, கலியாணப் பதிவை, இஞ்சையே முடிப்பம், மாமி. நிரோஜாவுக்குச் சம்மதம்."

"அவள் சொன்னவள். உங்கட அம்மா என்ன சொன்னவ?"

"அவ இன்னும் அந்த வாழையிலேயே நிக்கிறா," என்றான் சஞ்சயன்.

"வாழையை வெட்டி எறிஞ்சிட்டு வாங்கோ எண்டு நான் கேக்கேல்லை, தம்பி. என்ர பிள்ளையில பிழை இல்லையெண்டு அவ வாயால சொல்லவேணும்."

சஞ்சயன் அங்கிருந்தே தாயை அழைத்து, ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தான். விஷயத்தைச் சொன்னான்.

"சும்மா ஏன் அதைக் கிளறுறாய்?" என்றது மகேஸ்வரியின் குரல். "புயல் இஞ்சை ஒவ்வொரு வருஷமும் வாறதுதானே."

வத்சலா தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். முதன்முறையாக, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"அதைத்தான் அக்கா, டுசல்டோர்ஃபில இருக்கிற உங்கட ஆக்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கோ. இண்டைக்கே. அவையள் எனக்கு எடுத்துக் கதைச்ச பிறகுதான் எழுத்து."

மாலைவரை அவள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அது அடித்தபோது, எடுக்கச் சொல்லி நிரோஜாவிடம் நீட்டினாள்.