அண்ணனுக்கு ஒரு லேப்டாப்

எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், அண்ணன் எடுத்த முதல் கல்யாண வீடியோ பாதி எடிட்டிங்கில் நின்றிருந்தது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் காட்டிய லேப்டாப்பில் சினிமா நன்றாகவே ஓடியது. அது என் முதல் சோதனைதான். இரண்டாவதாக, பென்டிரைவில் கொண்டுபோன கல்யாண வீடியோவைப் போட்டு, எடிட்டிங்கில் ஊர்வலத்தின்மேல் மணப்பெண் முகத்தைக் கலந்தேன். படம் உறைந்தது.

"கல்யாண வீடியோவுக்கு எதுக்கும்மா இதுக்கு மேல வேகம்? அங்க யாரு ஓடுறாங்க?" என்றார் கடைக்காரர்.

படங்களைக் கையாளத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள தடித்த லேப்டாப்பைக் கேட்டேன். அதில் அதே காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பேட்டரியில் அதுவும் திணறியது.

"இதுவும் அவ்ளோதாம்மா."

அண்ணன் என்னையே பார்த்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைக்கும் அமைப்புதான் காரணம் என்று தோன்றியது. அதை மாற்றினேன். ஊர்வலம் நகர்ந்தது, அதன்மேல் முகம் மெல்லத் தெளிந்தது.

"இதையே கொடுத்துடுங்க," என்றான் அண்ணன்.