கண்ணை மூடினால் வாய் ஏறும்

அத்தானின் செத்தவீட்டில் நான் சிரித்தேன் என்று அக்கா மாதக்கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. கனடாவில் இருக்கும் அவளுடைய மகளும் அப்படித்தான். அங்கிருப்பவர்கள் பார்ப்பதற்காகச் செத்தவீட்டைப் படம்பிடித்து உடனுக்குடன் அனுப்பியிருந்தார்கள். வாய்க்கரிசி போட நான் குனிந்த இடத்தில் படத்தை நிறுத்தி, என் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, குடும்பத்து வட்சப் குழுவில் போட்டுவிட்டாள் மருமகள். கண் மூடியிருக்கிறது. வாயின் இடப்பக்கம் மேலே ஏறியிருக்கிறது. கீழே ஒரு வரி: “மாமாவுக்கு இப்ப திருப்திதானே?”

காரணமில்லாமல் அவள் அதை எழுதவில்லை. பங்குக் கிணற்றில் மோட்டர் பூட்டிய சண்டையில் அத்தானும் நானும் நாலு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எனக்குச் சொல்லவில்லை. ஆண்டுத் திவசத்துக்காவது அந்த வாசற்படி ஏறவேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே நினைப்பு.

செத்தவீட்டுக்கு முந்தின வருடம் எனக்கு முகவாதம் வந்திருந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கத்தால் ஒழுகும். நெல்லியடிச் சந்தையில் மீன் விற்கிறவள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணை, உங்கடை ஒரு பக்கம் விலை கேக்குது, மற்றப் பக்கம் மீன் நாறுதெண்டுது. நான் எந்தப் பக்கத்துக்கு மறுமொழி சொல்ல?” அந்த வருத்தத்தை அவளைப்போல ஒரு டொக்டரும் எனக்கு விளக்கவில்லை. பிறகு முகம் மெல்ல மெல்ல நேரானது. சுகம் வந்துவிட்டது என்று ஊரும் நம்பியது, நானும் நம்பினேன்.

முகத் தசைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பிள்ளை, முகவாதம் வந்து சுகமானவர்களைத் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆராய்ச்சி வளரட்டும் என்று போகவில்லை. அக்காவிடம் காட்ட எனக்கு ஒரு கடதாசி தேவைப்பட்டது.

புருவம், கண்ணோரம், வாயோரம், தாடை எல்லாவற்றிலும் வயர் ஒட்டினாள். முதலில் ஒரு பருத்தித்துறை வடையைத் தந்து சப்பச் சொன்னாள். திரையில் கோடுகள் துள்ளின.

“ஐயா, தாடை ரெண்டு பக்கமும் வடிவா வேலை செய்யுது. சப்புறதுக்குப் போற நரம்பு வேறை, முகத்திலை உணர்ச்சியைக் காட்டுற நரம்பு வேறை. உங்களுக்குப் பழுதானது ரெண்டாவது.”

“அப்ப சாப்பாட்டுக்குக் குறையில்லை, சந்தோசத்துக்குத்தான் குறையெண்டுறியள்.”

அவள் சிரித்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள். மூடினேன்.

“வாயை அசைக்காதேங்கோ.”

“நான் அசைக்கேல்லைப் பிள்ளை.”

கண்ணைத் திறந்தால், திரையில் வாயோரத்துக் கோடும் துள்ளியிருந்தது. பழுதான நரம்பு திரும்ப வளரும்போது கண்ணுக்குப் போகவேண்டிய இழையில் கொஞ்சம் வாய்க்குப் போய்விட்டதாம். கண்ணை மூடினால் வாய் தானாக ஏறும். மோட்டர் திருத்திப் பிழைக்கிற எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வயர் மாறிப் பூட்டுப்பட்டிருக்கிறது.

கடைசியாக, கவலையான ஒன்றை யோசிக்கச் சொன்னாள். அத்தானை யோசித்தேன். கோடுகள் படுத்தபடி கிடந்தன. “யோசிச்சனீங்களோ ஐயா?” என்று கேட்டாள். பிறகு அக்கா கதைக்காமல் இருப்பதை யோசித்தேன். புருவத்துக் கோடு ஏறியது.

அவள் எழுதித் தந்த கடதாசியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்று வாசித்தாள்.

“கண்ணை மூடு பாப்பம்,” என்றாள். மூடினேன். “திருப்பி மூடு.” மூன்று தரம் மூடவைத்தாள். “அப்ப அண்டைக்கு நீ சிரிக்கேல்லை.”

“இல்லை அக்கா.”

“சரி. கண்ணை ஏன் மூடினனீ? அழுதனீயோ?”

படம்பிடித்தவனின் லைற் நேரே முகத்தில் அடித்தது. கண் கூசியது, மூடினேன். நடந்தது அவ்வளவுதான்.

“ஓம் அக்கா, அழுதனான்.”

அவள் என் முகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கத்தைப் பார்த்தாள்.

“முந்தி நீ பொய் சொன்னா உடனை பிடிச்சிடுவன். இப்ப உன்ரை முகத்திலை ஒண்டும் பிடிபடேல்லையடா,” என்றாள். கடதாசியை மடித்து என் கையிலேயே தந்தாள். “திவசத்துக்கு வா. ஆனா முன்னுக்கு வராதை. பிள்ளை கனடாவிலையிருந்து பாத்துக்கொண்டிருப்பாள். வாற போற ஆக்களுக்கெல்லாம் உந்தக் கடதாசியைக் காட்டிக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது.”

போனேன். பின்பக்கத்து அடுப்படியில் இருந்து தேங்காய் திருவினேன். விறாந்தையில் ஐயர் மந்திரம் சொல்வது கேட்டது. படையல் முடிந்து, கும்பிட வரும்படி அக்கா ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டாள். பெரியப்பா, சித்தி, மச்சான், அயலவர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். அடுப்படிப் பக்கம் அவளுடைய குரல் வரவில்லை. இன்னொரு தேங்காய்ப் பாதியை எடுத்தேன்.